உள்ளூர் வேலையில் சேரிக்கு என்ன பங்கு? தனியார் ஆலைகளும் மறக்கப்பட்ட ஒரு சட்டப் பிரிவும்

தமிழ்நாட்டில் புதிய தொழிற்சாலை ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம் இரண்டு எண்கள் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. ஒன்று முதலீட்டுத் தொகை. மற்றொன்று உருவாகவிருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை என்ற வாக்குறுதியும் உடன் வருகிறது. ஆனால் அவ்வேலைகள் எந்தெந்தச் சமூகங்களுக்கு, எந்தெந்தப் பணிநிலைகளில், எத்தகைய ஊதியத்தில் சென்றன என்ற மூன்றாவது கணக்கு, ஆலை திறந்து பத்தாண்டுகள் கழிந்தாலும் வெளிவருவதில்லை.

'உள்ளூர்' என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழகக் கிராமங்களில் ஊர் என்றால் சாதி இந்துக்கள் வாழும் பகுதி. சேரி அதற்கு வெளியே இருக்கிறது. ஊர்க்கோயில், ஊர்க்கிணறு, ஊர்க்கூட்டம் ஆகிய சொற்களில் சேரி அடங்கியதில்லை. 'ஊருக்குள் போய்வருகிறேன்' என்று சொல்லிச் சேரியிலிருந்து புறப்படுபவர் ஒரே வருவாய்க் கிராமத்தின் அடுத்த தெருவுக்குத்தான் போகிறார். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வரவேற்கத்தக்கது. எனினும், ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு ஆவணத்தில் மட்டும் இல்லை. ஓர் ஆலை 'உள்ளூர்க்காரர்களுக்கு வேலை' என்று அறிவிக்கும்போது, அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் ஆள் எடுக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

தனியார் துறையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை என்ற பொதுவான எண்ணம் முழு உண்மையன்று. பயிற்சிப் பணியிடங்களைப் பொறுத்தவரை, தனியார் முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் ஓர் இட ஒதுக்கீட்டுப் பிரிவு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது என்ன, ஏன் பயன்படவில்லை, அதை எவ்வாறு கையிலெடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், வேலை எப்படிக் கிடைக்கிறது, எப்படி மறுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நிலம் போன வழி

இன்று இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் பரந்து கிடக்கும் பகுதி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையின் வழியே வழங்கப்பட்டவைதாம் நாம் பஞ்சமி நிலங்கள் என்று அழைப்பவை. அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தனர்.

அதே பத்தாண்டில்தான் இப்பகுதிக்குப் பெருந்தொழில்கள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் ஆலையை மூடியது. ஆலைக்காக நிலம் எடுக்கப்படும்போது பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்ற வாக்குறுதியும் பட்டாவை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்நிலத்தில் தலைமுறைகளாகக் கூலிக்கு உழுதவரிடமும் நாற்று நட்டவரிடமும் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. நிலம் மறுக்கப்பட்ட அதே காரணத்தால், நிலத்துக்கு ஈடாக வரும் வேலையும் மறுக்கப்படுகிறது.

எனவே உள்ளூர் வேலைவாய்ப்பு என்பது ஆலை நிர்வாகம் சேரிக்குக் காட்டும் கருணை ஆகாது. நூறாண்டுகளுக்கு மேலாக நிலுவையில் இருக்கும் ஒரு கணக்கின் பகுதி அது.

வாயிலுக்கு முன்னால் நடப்பவை

'நாங்கள் சாதி கேட்பதில்லை. தகுதி மட்டுமே பார்க்கிறோம்' என்று நிறுவனங்கள் சொல்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் சாதி என்ற கட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் படிவம் கைக்கு வருவதற்கு முன்பே பல கதவுகள் இருக்கின்றன.

முதற்கதவு செய்தி. காலியிடம் இருப்பது யாருக்குத் தெரிகிறது? 1959ஆம் ஆண்டின் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அங்கிருந்து ஆள் எடுக்கும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. நடைமுறையில் செய்தி பரவுவது ஏற்கனவே உள்ளே இருப்பவர் வழியாக. பணியாளர் ஒருவர் தம் உறவினரையோ நண்பரையோ பரிந்துரைப்பார். நிறுவனம் சில சமயம் அதற்கு ஊக்கத்தொகையும் தரும். இதில் யாரும் யாரையும் விலக்கும் நோக்கத்தோடு செயல்பட வேண்டியதில்லை. உறவும் நட்பும் சாதிக்குள் சுழலும் சமூகத்தில், முதலில் உள்ளே நுழைந்த சாதியே தொடர்ந்து நுழையும்.

இரண்டாவது கதவு ஒப்பந்தக்காரர். உற்பத்திப் பணிகளுக்கு ஆள் தருபவர், வாகனம் விடுபவர், உணவகம் நடத்துபவர், துப்புரவுக்கு ஆள் அனுப்புபவர் எனப் பல முகவர்கள் ஆலைக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருக்கிறார்கள். எவரை எந்த வரிசைக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பவர் அவரே. நிர்வாகத்தின் சமவாய்ப்புக் கொள்கை அந்த முகவரின் முற்றத்தை எட்டுவதில்லை.

மூன்றாவது கதவு பெயர். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஓர் ஆய்வை நடத்தினர். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒப்பிடத்தக்க கல்வித் தகுதி; பெயர் மட்டும் வேறு. சில விண்ணப்பங்களில் உயர்சாதிப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். 2007இல் வெளியான முடிவு இது: உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வருவதற்கான சாதக விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. விண்ணப்பதாரரின் முகத்தை எவரும் பார்க்கவில்லை; அவருடன் எவரும் பேசவில்லை. பெயரைக் கண்டவுடனேயே தேர்வு முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் சாதிப் பெயரை ஒட்டுப்பெயராக இடும் வழக்கம் குறைந்துவிட்டதால் இது நமக்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணலாம். பெயர் மறைத்ததை முகவரி காட்டிக்கொடுக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தப் பள்ளி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற நான்கு கேள்விகளில் சாதி வெளிப்பட்டுவிடும். சுரிந்தர் ஜோட்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வும் 2007இல் வெளிவந்தது. திறமை மட்டுமே அளவுகோல் என்று வலியுறுத்திய அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியை விசாரிப்பது தேவையானது என்றும் கருதினர். பெற்றோரின் படிப்பும் பணியும் வளர்ந்த சூழலும் ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. சாதியை ஒருமுறைகூட உச்சரிக்காமலேயே சாதியை அளந்துவிடும் கருவி அது.

உள்ளே இருக்கிறார்கள், எங்கே?

தலித் தொழிலாளர்களே இல்லாத தொழிற்பேட்டை ஏதுமில்லை என்று நிர்வாகங்கள் பதிலளிக்கக்கூடும். அது சரிதான். கழிவறைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்பவர் யார், சரக்கு ஏற்றி இறக்குபவர் யார், தோட்டத்தைப் பராமரிப்பவர் யார் என்று பார்த்தால் அவர்கள் கண்ணில் படுவார்கள். ஆகவே ஆலைக்குள் எத்தனை தலித்துகள் என்ற மொத்தக் கணக்கு மட்டும் எதையும் தெளிவாக்காது. நிரந்தரப் பணியில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், மேற்பார்வையாளர் எத்தனை பேர், மனிதவளத் துறையில் எத்தனை பேர் என்று படிப்படியாகக் கேட்க வேண்டும்.

படியின் உச்சியைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து அஜித், டோங்கர், சக்சேனா ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து சுமார் 3.5 விழுக்காடு. உச்சிக்கும் அடித்தளத்துக்கும் இடைப்பட்ட படிகளைப் பற்றி நிறுவனங்கள் எந்தக் கணக்கையும் வெளியிடுவதில்லை. வெளியிடும்படி எவரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்புடைமை அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை, நிரந்தரப் பணியாளர் எத்தனை என்று அது கேட்கிறது. சாதிவாரிப் பணியாளர் எண்ணிக்கையை அது கேட்பதில்லை. அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள், இன, பாலின வாரியான பணியாளர் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்குத் தரும் நடைமுறை 1966இலேயே தொடங்கிவிட்டது. எண்ணிப் பார்ப்பதால் தொழில் நொடித்துவிடாது.

வேலை கிடைத்தபின் அதன் நிலைமை என்ன என்பதும் இக்கணக்கில் சேர வேண்டும். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்; ஒப்பந்த நிறுவனங்கள் வழியே பணிக்கு எடுக்கப்பட்டவர்கள். வேலை தந்தோம் என்று ஆலை கணக்குக் காட்டும் இடத்தில், சோற்றுக்கும் உறைவிடத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நெடுஞ்சாலையை மறித்த பிறகே விடை தேடப்பட்டது.

சட்டம் எதைச் சொல்கிறது?

அரசியலமைப்பின் 16(4) உறுப்பு அரசுப் பணிகளுக்கு மட்டுமே பொருந்துகிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும், அதில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் அரசுப் பணிகளுக்கும் கல்விக்கும் உரியவை. பொதுத்துறை சுருங்கச் சுருங்க, இந்த விழுக்காடு அப்படியே இருந்தாலும் அதன் வழியே கிடைக்கும் வேலைகளின் எண்ணிக்கை குறைகிறது.

தனியார் துறையிலும் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை 2004க்குப் பின் ஒன்றிய அரசின் மேடைக்கு வந்தது. 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் தொழிலதிபர்களிடம் இதுகுறித்துப் பேசினார். சட்டத்தை ஏற்க மறுத்த தொழில் கூட்டமைப்புகள், ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு அமைத்து, தாமாகவே முன்வந்து பின்பற்றும் நடத்தை நெறியை முன்வைத்தன. தாமாகவே முன்வரும் நெறியை மீறினால் தண்டனை ஏதுமில்லை. இருபது ஆண்டுகள் ஆகின்றன.

வேறொரு பாதையும் முயலப்பட்டது. தனியார் வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர் மக்களுக்கே என்று ஆந்திரப் பிரதேசம் 2019இல் சட்டம் இயற்றியது. ஹரியானாவும் அவ்வாறு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைப் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்த மசோதா, தொழில்துறையின் எதிர்ப்பைக் கண்டதும் நிறுத்திவைக்கப்பட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் திமுகவும் 75 விழுக்காடு வாக்குறுதியை அளித்திருந்தது.

இச்சட்டங்கள் குறித்து நமக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, இவை வசிப்பிடத்தை மட்டும் பார்க்கின்றன. உள்ளூர் 75 விழுக்காட்டுக்குள் சேரிக்கு எவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லாதவரை, மேலே கண்ட கதவுகள் அனைத்தும் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது, இவை புலம்பெயர்ந்த தொழிலாளியை எதிரியாகக் காட்டுகின்றன. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் தொழிற்பேட்டைகளில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்போரில் தலித்துகளும் ஆதிவாசிகளும் ஏராளம். அவர்களைத் துரத்திவிட்டு நாம் பெறும் வேலை நீதியாகாது. குறைந்த கூலிக்கு அவர்களைக் கொண்டுவருபவரும், உள்ளூர்த் தலித் இளைஞருக்கு வாயிலை மூடுபவரும் பெரும்பாலும் ஒரே ஒப்பந்தக்காரர்தான்.

தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு வேலை மறுப்பது, தனியார் இடத்திலும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் வேலைக்கான உரிமையைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் நிராகரிப்புக் கடிதம் காரணம் சொல்வதில்லை. பல வேளைகளில் கடிதமே வருவதில்லை. காரணம் சொல்லாத மறுப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது மிகவும் அரிது. ஆகவே ஒவ்வொருவருக்கும் நேர்ந்ததைத் தனித்தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லாமல், எண்ணிக்கையை வைத்தே கேள்வி எழுப்பக்கூடிய ஒரு சட்டம் நமக்குத் தேவை. அது ஏற்கனவே இருக்கிறது.

1973 முதல் இருக்கும் இட ஒதுக்கீடு

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. அப்ரண்டிஸ் என்று நாம் வழக்கில் சொல்லும் பயிற்சியாளர்களை ஆலைகள் எடுப்பதை முறைப்படுத்தும் சட்டம் அது. 1973இல் அதில் 3ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பயிற்சியிடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி ஒதுக்க வேண்டும் என்றும், அந்த மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு அளவை நிர்ணயிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. 2007இல் 3பி பிரிவின் வழியே பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கீடு வந்தது. சட்டம் அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்று பிரிக்கவில்லை. முதலாளி என்றே சொல்கிறது.

எத்தனை பயிற்சியிடங்கள்? 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1,000 பேர் வேலை செய்யும் ஆலையில் குறைந்தது 25 பழகுநர்கள், அதிகம் 150 பழகுநர்கள் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்த விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரே ஆலையில் ஆண்டுக்கு 5 முதல் 30 பயிற்சியிடங்கள் பட்டியல் சாதி இளைஞர்களுக்கு உரியவை. ஒரு தொழிற்பேட்டையில் இத்தகைய ஆலைகள் எத்தனை என்று பெருக்கிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

இதில் மக்கள் பணமும் இருக்கிறது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், பழகுநரின் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், ஒன்றிய அரசு ஏற்கிறது. அரசுப் பணத்தைப் பெறும் பயிற்சியிடத்தில் சட்டப்படியான ஒதுக்கீடு நடக்கிறதா என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. ஐசிஎஃப், என்எல்சி போன்ற பொதுத்துறை அமைப்புகளின் பழகுநர் அறிவிப்புகளில் ஒதுக்கீட்டு விவரம் இருப்பதைத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் கண்டிருப்பார்கள். தனியார் ஆலைகளின் அறிவிப்புகளிலும் அதையே தேட வேண்டும்.

சட்டத்தின் ஓட்டைகள்

இச்சட்டத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. இதன் ஓட்டைகளையும் அறிந்துகொண்டே இதைக் கையிலெடுக்க வேண்டும்.

2014இல் வந்த திருத்தம், முதலாளியே வகுத்துக்கொள்ளும் 'விருப்பத் தொழிற்பிரிவு' என்ற புதிய வகையை உருவாக்கியது. இட ஒதுக்கீட்டுப் பிரிவின் வாசகமோ 'அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவு' என்றே இருக்கிறது. பயிற்சியிடங்களை முதல் வகைக்கு மாற்றிக் காட்டினால் ஒதுக்கீட்டிலிருந்து நழுவ வழி பிறக்கும். அதே திருத்தம் விதிமீறலுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தது.

மேலும், 18ஆவது பிரிவின்படி பழகுநர் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் அவரை நிரந்தரமாக எடுத்தாக வேண்டும் என்ற கடமையும் நிறுவனத்துக்கு இல்லை. பழகுநர்களைப் பணியமர்த்துவதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் 22ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மலிவான உழைப்பாக ஓராண்டு பயன்படுத்திவிட்டு அனுப்பிவிடும் ஆபத்து மெய்யானது. பயிற்சியிடத்தில் ஒதுக்கீடு கேட்கும் நாம், பயிற்சி முடித்தோரில் எத்தனை பேர் பணியில் சேர்க்கப்பட்டனர் என்ற கணக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வி இல்லாமல் முதற்கேள்வி பாதிக் கிணறு தாண்டியதாகிவிடும்.

'திறன் இல்லை' என்ற வாதம்

தலித் இளைஞர்களை எடுக்க விரும்புகிறோம், தகுந்த திறனுடன் கிடைப்பதில்லை என்பது நிறுவனங்களின் வழக்கமான விடை. தமிழக அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. 1974இல் உருவான தாட்கோவும் பயிற்சிகளை நடத்திவருகிறது. இவை தேவையானவை. ஆனால் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை வேலை பெற்றோர் எண்ணிக்கையாகிவிடாது. தோரட் - அட்டிவெல் ஆய்வில் தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்தில் தகுதிக்குக் குறைவில்லை. அழைப்புதான் வரவில்லை. மூடிய கதவின் முன் நிற்பவருக்கு மேலும் ஒரு சான்றிதழைத் தருவதால் கதவு திறந்துவிடாது.

திறன் பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே பிறக்கிறது என்பதையும் மறக்கலாகாது. இயந்திரத்தின் அருகே நின்று, கை பழகி, மூத்த தொழிலாளியிடம் கேட்டுக் கற்பதே தொழிற்கல்வியின் உயிர். அந்த இடத்தை மறுத்துவிட்டுத் திறனைக் கேட்பது முறையன்று. அம்பேத்கர் இதை நன்கறிந்திருந்தார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்ற அவர், அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி வைஸ்ராய்க்கு அளித்த கோரிக்கை மனுவில், அரசுப் பணியில் பங்கு இல்லாததோடு தொழில்நுட்பப் பயிற்சிக்கு வாய்ப்பில்லாததையும் தனிக் குறையாக எழுதினார்.

நிறுவனங்களால் இன்றே செய்யக்கூடியவை

உண்மையிலேயே அனைவரையும் உள்ளடக்கிப் பணியமர்த்த விரும்பும் நிறுவனம் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காலியிட அறிவிப்பைத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் மட்டுமன்றிச் சேரியிலும், ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும், அரசு ஐடிஐக்களிலும் ஒட்டலாம். முதற்கட்டத் தேர்வில் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுத் தகுதியை மட்டும் பார்க்கலாம். குடும்பப் பின்னணிக் கேள்வியை நேர்காணலிலிருந்து நீக்கலாம். பரிந்துரை வழி எடுக்கும் ஆட்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஆலைப் பேருந்து சேரிக்குள்ளும் நின்று ஆள் ஏற்ற ஏற்பாடு செய்யலாம். ஒப்பந்தக்காரரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே சாதிப் பாகுபாடு கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்து, துப்புரவுப் பணிக்கு அனுப்பப்படுவோர் தொடர்ந்து ஒரே சாதியாக இருந்தால் அதற்கு விளக்கம் கேட்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. விருப்பம் இல்லை என்றால், அதைச் செலவின் பின்னால் மறைக்க இடமும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

கல்லூரி மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் இதில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தனியார் நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நேரடியாக வராது. ஆனால் பிற சட்டங்களின்படி அரசு அலுவலகம் பெறக்கூடிய தனியார் நிறுவனத் தகவலும் 'தகவல்' என்ற வரையறைக்குள் அடங்கும் என்று அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவு கூறுகிறது. பழகுநர் சட்டத்தைக் கண்காணிக்கும் தொழிற்பழகுநர் ஆலோசகர் அரசு அதிகாரி. மாநிலத்துக்குள் இயங்கும் ஆலைகளுக்கு, கிண்டியில் இயங்கும் மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் கேட்கலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனங்கள் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அவற்றுக்கு ஒன்றியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் அலுவலகங்களிடம் கேட்க வேண்டும்.

கேள்விகள் எளியவை. எங்கள் வட்டத்தில் 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் எத்தனை? அவற்றில் பழகுநர்களை எடுத்தவை எவை? ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவில் எத்தனை, விருப்பத் தொழிற்பிரிவில் எத்தனை? உதவித்தொகைக்காக அரசு திருப்பித் தந்த தொகை எவ்வளவு? ஒதுக்கீட்டை நிறைவேற்றாத நிறுவனங்கள்மீது எடுத்த நடவடிக்கை என்ன? விடை வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வந்தால் அதை ஊராட்சி வாரியாகத் தொகுத்து, கிராம சபையிலும் செய்தியாளர்களிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் வைக்கலாம்.

தனியார் துறையில் முழுமையான இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் நீண்டது. அதை நாம் கைவிடப் போவதில்லை. பழகுநர் பிரிவு அதற்கு மாற்று அன்று. ஆனால் தனியார் முதலாளிக்கும் சமூகநீதிக் கடமை உண்டு என்று நாடாளுமன்றம் 1973இலேயே ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு அது சான்று. தனியார் ஆலைக்குள் இட ஒதுக்கீடு சாத்தியமே இல்லை என்று வாதிடுவோரின் முன் அச்சட்டப் பிரிவை எடுத்து வைப்போம். அது எத்தனை ஆலைகளில் நடைமுறையில் இருக்கிறது என்ற கணக்கை அரசிடமிருந்து பெறுவோம். சேரிக்கும் ஆலை வாயிலுக்கும் இடையே உள்ள தொலைவு பல ஊர்களில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதைக் கடக்க இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு இனி நிர்வாகங்களும் அரசும்தான் விடை சொல்ல வேண்டும்.